திண்ணை இல்லாத வீட்டில் விருந்தும் வளர்ப்புப் பிராணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடை என்றால் இலக்கியம் உண்டு, இசை உண்டு, சிறுவர் நாடகம் உண்டு. இவற்றிற்கிடையே நாயையும் பூனையையும் பற்றிப் பேச நாங்கள் எழுந்து நிற்பதைக் கண்டு சிலர் முறுவலிப்பது தெரிகிறது. முறுவலுக்கு இடம் உண்டு என்பதை நாங்களும் மறுக்கவில்லை. எனினும் இப்பொருளை எங்கள் குழு வேடிக்கைக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. சங்கத்தின் சந்தாவுக்கும் இம்மலரின் விளம்பரத்துக்குமாக ஆண்டுதோறும் வீடு வீடாகச் சென்று வருகிறவர்கள் நாங்கள். எந்த வீட்டார் எந்த வீட்டிற்குப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்பது எங்கள் காதில் விழாமல் இருப்பதில்லை. அவ்வாறு அண்மையில் நின்றுபோன உறவுகள் சிலவற்றிற்குக் காரணம் கேட்டால் அது பணமும் அன்று, பதவியும் அன்று. ஒரு நாயோ ஒரு பூனையோதான் நடுவில் நிற்கிறது.

ஒரு வீட்டில் நவராத்திரிக் கொலு. படிகளின்மேல் பொம்மைகள், மூன்றாம் படியில் செட்டியார் பொம்மைக்கும் அவர் மனைவிக்கும் நடுவே உயிருள்ள பூனை ஒன்று கண்மூடி அமர்ந்திருந்தது. குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்கவில்லை. தாம்பூலத்தோடு பெற்ற சுண்டலைச் சிலர் கீழே இருந்த காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அச்செய்தி மறுநாளே அவ்வீட்டு அம்மையாருக்கு எட்டியது. அடுத்த ஆண்டும் அவ்வீட்டில் கொலு வைத்தார்கள். ஆனால் யாரையும் அழைக்கவில்லை.

மற்றொரு வீட்டிற்குத் திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதம் தங்குவதற்கென்று தாயார் வந்தார். மகன் வீட்டு நாய் அடுக்களை வாயிலில் படுத்திருப்பதையும், பேரன் தன் தட்டிலிருந்தே அதற்கு இட்லி ஊட்டுவதையும் கண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாலும் பழமுமாக ஒன்பது நாள் கழித்துவிட்டு, ஊரில் வேலை இருப்பதாகக் கூறி வண்டியேறிவிட்டார். இன்னொரு வீட்டில், விருந்தாக வந்த நண்பர், "நாற்காலி எல்லாம் நாய் மயிராக இருக்கிறதே, துடைப்பதே இல்லையா?" என்று குழந்தைகள் முன்னிலையில் கேட்டுவிட்டார். இருபது ஆண்டு நட்பு அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு இவை சிறு மனத்தாங்கல்களாகத் தோன்றலாம். அங்கே ஒரு வீட்டுக் கதவு மூடினால் அடுத்த தெருவில் மாமன் வீடு இருக்கும், சித்தி வீடு இருக்கும். தலைநகரில் வாழும் நமக்கோ அடுத்த வீட்டாரே மாமனும் சித்தியும். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், செய்தி கேட்டுச் சென்னையில் விரைவு வண்டி ஏறும் தம்பி இங்கு வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும்; மாடிப்படி இறங்கி வரும் பக்கத்து வீட்டாருக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். ஆகவே இங்கே போக்குவரத்து நின்றால் நிற்பது காப்பியும் பலகாரமும் மட்டும் அல்ல. இந்தக் கவலையோடுதான் நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிந்துகொள்வோம். பிராணிகளோடு வாழ்வது தமிழருக்குப் புதிதா? இல்லை. மாடு கட்டாத வீடும் நாய் காக்காத தெருவும் நம் பாட்டிமார் காலத்தில் அரிது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊர்ப்பெயரால் வழங்கும் நாய் இனங்கள் நம் நாட்டின. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. வைரவருக்கு வாகனம் நாய் என்பதும் நாம் அறிந்ததே. அப்படியிருக்க, அன்று எழாத சண்டை இன்று எழுவது ஏன்?

விடை வீட்டின் அமைப்பில் இருக்கிறது. நம் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசல், திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று அது நீண்டு கிடந்தது. நாயின் எல்லை வாசலோடும் திண்ணையோடும் முடிந்தது. மாட்டின் எல்லை கொல்லைக் கொட்டில். பூனைக்குப் பரணும் குதிரடியும்; எலி பிடிப்பது அதன் உத்தியோகம். வருகிற விருந்தினரோ திண்ணையில் அமர்ந்து, கால் கழுவி, பிறகே உள்ளே வந்தார். இன்னார் இதுவரை என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, வீடே சொல்லிற்று. இங்கே நாம் குடியிருப்பது இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு பால்கனி. கதவைத் திறந்தால் கூடம். கூடத்திலேயே சோபா, உணவு மேசை, கொலுப்படி, நாயின் படுக்கை எல்லாம். வீடு சொல்லிவந்ததை இப்போது மனிதர்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லத் தெரியாமல் சொல்லும்போது மனம் புண்படுகிறது. சொல்லாமல் அடக்கும்போது உறவு குறைகிறது.

"நாயை வெளியே கட்டி வைத்தால் என்ன?" என்று கேட்கும் அன்பர்கள் தில்லியின் தட்பவெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மே, சூன் மாதங்களில் 40 பாகைக்கு மேல் வெயில் காய்கிறது. சனவரி இரவுகளில் 5 பாகைக்குக் கீழே குளிர் இறங்குகிற நாட்களும் உண்டு. இந்த ஊரின் பால்கனி திண்ணைக்கு ஈடாகாது. அன்றியும், நியாயமற்ற நேரத்துக்குக் குறுகிய சங்கிலியில் ஒரு விலங்கைக் கட்டி வைப்பதைக் குற்றமாகவே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் தோன்றத் தூண்டுகோலாக இருந்தவர், 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்று இதே தலைநகரில் குரல் கொடுத்த கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பது நமக்குப் பெருமை. ஆகவே நாய் உள்ளேதான் இருக்கும். விருந்தினரும் உள்ளேதான் வருவார். இரண்டையும் ஏற்றுக்கொண்டு மேலே செல்வோம்.

விருந்தினர் முகம் சுளிக்கும்போது வீட்டுக்காரர் அதை ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறார்: "நம் வீடு அழுக்கு என்கிறார்." நாங்கள் கேட்டறிந்தவரையில் அந்தச் சுளிப்பினுள் நான்கு வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நோய் வருமோ என்னும் கவலை. இரண்டு, உடம்புக்கு ஒவ்வாமை. மூன்று, கடித்துவிடுமோ என்னும் அச்சம். நான்கு, ஆசாரமும் அருவருப்பும். நான்கிற்கும் மருந்து வேறு வேறு. நோய்க் கவலைக்கு ஊசிச் சீட்டு மருந்தாகும், ஆசாரத்துக்கு ஆகாது. அச்சத்துக்குச் சங்கிலி மருந்தாகும், ஒவ்வாமைக்கு ஆகாது. எது காரணம் என்று அறியாமல் வாதிடுவதால்தான் வாதம் முடிவதில்லை.

நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். நோய்களுள் தலையாயது வெறிநாய்க்கடி. அறிகுறி தோன்றிவிட்டபின் இந்நோயிலிருந்து பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். மனிதருக்கு வரும் இந்நோயில் 100க்கு 99 வரை நாய்களின் மூலமே வருகிறது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1885இல் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பு முறை கண்டார். நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும், 1907இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் அமைந்தன. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் நடுங்குவது பழைய மருந்தை நினைத்து. அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது ஊசி புயத்தில். தசையில் போடும் முறையானால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 14, 28ஆம் நாள் என ஐந்து முறை.

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் செய்ய வேண்டியது யாதெனில், காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பலாகாது. காயம் ஆழமானால் தடுப்பூசியோடு காயத்திலேயே செலுத்தும் வேறு மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டு நாய்தானே என்று வாளாவிருப்பது தவறு. அதே வேளையில், நாய் நக்கிய தட்டை நன்கு தேய்த்துக் கழுவிய பின்னும் "வெறி வரும்" என்று அஞ்சுவதும் தேவையற்றது. அந்நோய்க் கிருமி காயத்தின் வழியாகவும், கண், வாய் முதலிய மென்தோல் வழியாகவும் புகுவது. சோப்புக்கும் உலர்வுக்கும் அது தாங்காது.

அடுத்து வயிற்றுப் புழுக்கள். நாய், பூனைகளின் கழிவில் உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு இவை தீங்கு செய்யும். ஆனால் கழிவோடு வெளிவரும் முட்டை அன்றே தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பூனையின் கழிவில் சில வேளைகளில் காணும் வேறொரு நுண்ணுயிர் கருவுற்ற பெண்களின் வயிற்றுச் சிசுவுக்கு ஊறு செய்வது. அதுவும் தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். இதிலிருந்து நாம் அறிவது என்ன? கழிவை அன்றன்றே அகற்றினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. இயற்கை நமக்குத் தவணை தந்திருக்கிறது. அத்தவணையைத் தவறவிடுவதுதான் ஆபத்து. கருவுற்ற பெண்கள் பூனையின் மணல் தட்டைத் தொடாமல் பிறரைக் கொண்டு தூய்மை செய்விப்பது நலம்.

"நாயின் வாய் மனிதன் வாயைவிடத் தூய்மை" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது ஆதாரமற்ற பேச்சு. நாயின் வாயில் அதற்குரிய கிருமிகள் உண்டு. நல்ல உடல் நலம் உள்ளவர் கையை நக்குவதால் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை, கழுவினால் போதும். ஆனால் புண்ணையும், கைக்குழந்தையின் முகத்தையும், நோயெதிர்ப்பு குன்றியவர்களையும் நக்க விடக் கூடாது. பூனைக்குட்டிகளிடமிருந்து படர்தாமரை தொற்றுவதும் உண்டு. குட்டியின் உடம்பில் வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டும்வரை குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சலாகாது. மழைக்காலத்தில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் பெருகும். சோபாவில் அமர்ந்து எழுந்த விருந்தினர் கணுக்காலைச் சொறிந்துகொண்டே வீடு திரும்பினால், அவரிடம் நாம் வாதாட இடம் இல்லை.

இரண்டாவது காரணம் ஒவ்வாமை. இதைப் பற்றி வீட்டுக்காரர்களுக்குச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பூனை உள்ள வீட்டில் நுழைந்ததும் தும்முகிறவரும் மூச்சிரைக்கிறவரும் பாசாங்கு செய்வதில்லை. ஒவ்வாமையை உண்டாக்குவது மயிர் அன்று. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒருவகைப் புரதம். பூனை தன்னை நக்கித் தூய்மை செய்யும்போது அது உடம்பெங்கும் பரவி, உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மிதக்கிறது. பூனையை வீட்டை விட்டு அனுப்பிய பின்னும் பல மாதம் அத்தூள் திரைச்சீலையிலும் மெத்தையிலும் தங்கியிருக்கும். ஆகவே "பூனையை அடுத்த அறையில் அடைத்துவிட்டேனே, இன்னும் ஏன் தும்முகிறீர்கள்?" என்று கேட்பது பொருந்தாது. விருந்தினர் வரும் வேளையில் துடைப்பத்தால் பெருக்குவது தூளை மேலே கிளப்பிவிடும். முன்னதாகவே ஈரத் துணியால் துடைத்து, சன்னல்களைத் திறந்து வைப்பது மேல். குளிர்காலத்தில் சன்னல் மூடிய வீட்டில் ஆஸ்துமா உள்ளவரை அமர்த்துவதைவிட, கீழே பூங்காவின் இளவெயிலில் நாற்காலி போட்டு உபசரித்தால் உபசாரம் குறைந்துவிடாது.

மூன்றாவது, அச்சம். நாயிடம் அஞ்சுகிற குழந்தையிடம் "ஒன்றும் செய்யாது, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே நாயை அருகில் விடுவது பலருடைய வழக்கம். அந்த உறுதிமொழி நாயின் உரிமையாளருக்குப் பொருந்தலாம். நாயை இன்றுதான் பார்க்கும் குழந்தைக்கு அதில் என்ன நம்பிக்கை இருக்கும்? நாய்க்கும் அன்று அந்நியர் வருகை ஒரு சோதனையே. கதவு திறக்கும் முன்பே நாயைச் சங்கிலியில் பிடித்தோ அறையில் விட்டோ வைத்தால், இரு உயிர்களுக்கும் நிம்மதி. ஒரு மணி நேரம் மின்விசிறியின் கீழ், தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓர் அறையில் இருப்பது நாய்க்குக் கொடுமை ஆகாது.

நான்காவது, ஆசாரமும் அருவருப்பும். இங்கேதான் படித்தவர்கள் பொறுமை இழக்கிறார்கள். ஊசி போட்ட சீட்டைக் காட்டியும் பாட்டி சாப்பிடவில்லையே என்று குறைப்படுகிறார்கள். பாட்டி கேட்டது சீட்டு அல்லவே! எழுபது ஆண்டுகளாக எச்சில் படாமல் அண்ணாந்து நீர் அருந்திய ஒருவருக்கு, அடுக்களையில் நாயைக் கண்டால் கை நின்றுவிடுகிறது. அது நாயின் மேல் உள்ள வெறுப்பு அன்று. தினமும் காக்கைக்குச் சோறு வைத்தவரும், அரிசிமாவுக் கோலத்தால் எறும்புக்கு உணவிட்டவரும் அவரேதான். எங்கே எது இருக்க வேண்டும் என்பது பற்றிய ஒரு வாழ்நாள் ஒழுங்கு அது. அதை வாதத்தால் வெல்ல முயல்வதைவிட, வீட்டில் ஓர் இடத்தை அவ்வொழுங்குக்கு விட்டுக்கொடுப்பது எளிது.

இனி, செய்யத்தக்கவை எவை என்று பார்ப்போம். வீட்டாருக்கு ஆறு விண்ணப்பங்கள்.

முதலாவது, அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை மாலை வாருங்கள் அக்கா, எங்கள் வீட்டில் நாய் உண்டு, குழந்தை பயப்படுமா, உங்களுக்குத் தும்மல் வருமா, சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும். கேட்ட பிறகு வருகிறவர் மனம் ஒப்பி வருகிறார்.

இரண்டாவது, அடுக்களையையும் பூசை இடத்தையும் பிராணிக்கு விலக்கிவிடுங்கள். கொலுப்படி உள்ள அறைக்கு ஒரு சிறு தடுப்புக் கதவு வைத்தால் செட்டியார் பொம்மைக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, பிராணியின் கிண்ணம் வேறு, அதைத் தேய்க்கும் நார் வேறு, அது தினமும் கழுவப்பட வேண்டும். அது விருந்தினர் கண்ணுக்கும் தெரியட்டும். தெரிந்தால் கேள்வி எழாது.

நான்காவது, தடுப்பூசியும் புழு மருந்தும் தவறலாகாது. நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பின் ஆண்டுதோறும் ஒன்று. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் 399ஆம் பிரிவில் நாய்களைப் பதிவு செய்தலையும் கூறுகிறது. பதிவு வில்லை கழுத்தில் இருப்பது அண்டை வீட்டாருக்கு நாம் தரும் மரியாதை.

ஐந்தாவது, காலையில் நாயை உலாவ அழைத்துச் செல்லும்போது பழைய செய்தித்தாளையும் உறையையும் உடன் கொண்டு செல்லுங்கள். மாடிப்படியிலும் பூங்காப் புல்லிலும் கிடக்கும் கழிவே பல வீட்டுச் சண்டைகளுக்கு முன்னுரையாக அமைகிறது.

ஆறாவது, விருந்தினரை மகிழ்விக்க வேண்டும் என்று வீடெங்கும் பினாயிலைக் கொட்டாதீர்கள். பினால் வகை மருந்துகளைப் பூனையின் உடல் எளிதில் செரித்து வெளியேற்ற இயலாது. தரையில் மிதித்த பாதத்தைப் பூனை நக்கும்போது அது நஞ்சாகும். சோப்பு நீரே போதும். பினாயில் இட்டே ஆக வேண்டுமாயின், நன்கு அலசித் துடைத்துத் தரை உலரும்வரை பூனையை உள்ளே விடாதீர்கள்.

விருந்தினருக்கும் சில விண்ணப்பங்கள் உண்டு. உங்களுக்கு எது ஒவ்வாது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்; வந்தபின் முகத்தால் சொல்லாதீர்கள். "எனக்குச் சிறுவயது முதல் நாயிடம் பயம்" என்பது தன்னைப் பற்றிய சொல், யாரும் வருந்தமாட்டார். "இந்த வீடு நாற்றம்" என்பது பிறரைப் பற்றிய சொல், யாரும் மறக்கமாட்டார். குறை இருந்தால் தனியே, வீட்டாருள் நெருங்கியவரிடம் கூறுங்கள். குழந்தைகள் முன்னிலையில் வேண்டாம். உங்கள் வீட்டுப் பழக்கமான செருப்பு கழற்றலும் கைகழுவலும் இங்கும் தொடரட்டும். தெருவின் அழுக்கைக் காலில் ஏந்தி வந்து நாயின் காலைக் குறை கூறுவது முறையன்று.

மற்றொன்று மிக முக்கியமானது. அன்பின் மிகுதியால் விருந்தினர் சிலர் தம் இலையில் உள்ளதை நாய்க்கு எறிகிறார்கள். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. ஆகவே வெங்காய வடையும், உலர்திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கலும் நமக்கே இருக்கட்டும். வீட்டாரைக் கேளாமல் அவர்கள் குழந்தைக்கு நாம் மருந்து கொடுப்போமா? நாய்க்கும் அவ்வாறே.

சில நாட்களுக்கு வருகிற விருந்தினர் வேறு. பல மாதம் தங்க வரும் பெற்றோர் வேறு. மூன்று மாதம் தங்குகிறவர் விருந்தினர் அல்லர், வீட்டார். அவர்களுக்கென ஓர் அறை, அவ்வறைக்குள் பிராணி நுழையாத உறுதி, அவர்கள் சமைக்க விரும்பினால் ஓர் அடுப்பு, தனிப் பாத்திரம் ஆகியவற்றை அவர்கள் வண்டியேறும் முன்பே ஏற்பாடு செய்து, அதைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ தெரிவித்துவிட வேண்டும். முன்னே குறிப்பிட்ட திருநெல்வேலித் தாயார் ஒன்பது நாளில் திரும்பியதற்கு நாய் காரணம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். தமக்கென்று ஓரிடம் அவ்வீட்டில் இல்லை என்று அவர் எண்ணியதே காரணமாக இருக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கிளி வளர்க்கும் வீடுகளுக்கும் ஒரு சொல். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. தூய்மை பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே அங்குச் சட்டம் பேசிவிடுகிறது.

இறுதியாக, நம் காலனியில் ஓய்வு பெற்ற முதியோர் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் அயல்நாட்டில்; துணைவரை இழந்தவர்களும் உண்டு. அவர்களுள் சிலருக்குக் காலையில் எழுப்புவது ஒரு நாய். உலாவ அழைத்துச் செல்வது அந்நாய். மாலையில் பேச்சைக் கேட்பதும் அந்நாயே. "அவர் வீட்டில் நாய் நாற்றம்" என்று நாம் போவதை நிறுத்தினால், அவரிடம் நாயை விட்டுவிடச் சொல்கிறோம் என்பது அதன் பொருள். அவர் விடமாட்டார், விடவும் கூடாது. அவர் விடுவது நம்மைத்தான். வயது காரணமாக அவரால் குனிந்து தரை துடைக்க முடியாமல் இருக்கலாம். அந்த நாற்றம் அசட்டையின் அடையாளம் அன்று; முதுமையின் அடையாளம். அங்கே தேவைப்படுவது விமரிசனம் அன்று, இரண்டு இளைஞர்கள். ஆகவே மாதர் குழு ஓர் ஏற்பாட்டை இம்மேடையில் அறிவிக்க விரும்புகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளைஞர் குழுவினர் விருப்பமுள்ள முதியோர் இல்லங்களுக்குச் சென்று, நாயைக் குளிப்பாட்டவும், விரிப்புகளை வெயிலில் உலர்த்தவும், ஊசி போட மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் உதவுவார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் நுழைவாயிலில் உள்ள மேசையில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். விருந்தினரிடம் அன்பும் வாயில்லா உயிரிடம் அருளும் ஒரே நூலில் இடம்பெற்றபோது, ஒரே கூடத்தில் இடம்பெற முடியாதா? திண்ணையை நாம் இந்நகரத்துக்குக் கொண்டுவர இயலவில்லை. ஆனால் திண்ணை செய்துவந்த வேலையை, முன்கூட்டிய ஒரு சொல்லும், மூடிய ஓர் அறைக்கதவும், கழுவிய இரு கைகளும் செய்துவிடும். இவ்வாண்டு நவராத்திரிக்கு, பூனை உள்ள அவ்வீட்டு அம்மையார் மறுபடியும் எல்லோரையும் அழைக்க வேண்டும். நாம் எல்லோரும் போக வேண்டும். கொடுத்த சுண்டலை அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.